பயணமும் கைப்பேசியின் மௌனமும்

செய்தி வாராமை வேறு. செய்தி இன்மை வேறு. இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குதலால் மாந்தர் எய்தும் துன்பம் சிறிதன்று. முற்காலத்தில் வெளியூர் சென்றார் நலத்தை வீட்டிலிருப்போர் அஞ்சலால் அறிந்தனர். அஞ்சல் நாட்கழித்தே வரும் என்பதை யாவரும் உணர்ந்திருந்தமையின், அதன் தாழ்ப்பைக் கண்டு எவரும் உள்ளம் நடுங்கவில்லை. விரைந்து வருவது தந்தி ஒன்றே. அதுவும் நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு ஓய்ந்தது. இற்றைநாளிலோ கைப்பேசி ஒன்றே நமக்குப் புகைவண்டிச் சீட்டாகவும், வழிகாட்டும் படமாகவும், பணப்பையாகவும், மடலாகவும் அமைந்துவிட்டது. நொடியில் மறுமொழி பெற்றுப் பழகிய நமக்கு அரை நாழிகை மறுமொழி வாராவிடின் அச்சமாவது சினமாவது எழுகின்றது. ஆதலின், பயணத்தின்போது கைப்பேசியின் இணையம் ஓய்ந்தால் அதன் காரணத்தைக் கண்டறியும் முறை யாது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் பட்டறிவே. 2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் எம் வகுப்பு மாணவர் எண்மர் இராமேசுவரம் சென்றோம். 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய பாம்பன் பாலத்தின் அருகே, 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின் வழியாகப் புகைவண்டி எம்மைத் தீவிற் சேர்த்தது. மறுநாட் காலை ஏழு மணியளவில், தனுஷ்கோடிக்குப் புறப்படும் வேளையில், எம் தோழர் ஒருவர்க்குச் செய்தி வந்தது. தலைப்பிள்ளைப் பேற்றை எதிர்நோக்கியிருந்த அவருடைய அக்காளுக்குக் குறித்த நாளுக்கு இரு கிழமை முன்னரே வலி கண்டு, திருநெல்வேலியில் மருத்துவமனையிற் சேர்த்திருக்கின்றனர் என்பதே அது. “நீ அங்கேயே இரு; ஆனதும் உடனே செய்தி அனுப்புகிறேன்,” என்று அத்தான் எழுதியிருந்தார்.

ஒன்பதரை மணிக்கு அரிச்சல்முனையை அடைந்தோம். இருபுறமும் கடல், நடுவே மணல், பின்னே 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலிற் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள். அப்புயல் பாம்பனினின்று வந்த புகைவண்டியையும் கடலில் மூழ்த்தியது என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் எம் தோழர் எதனையும் கண்டிலர்; கையிலிருந்த கருவியையே நோக்கிக்கொண்டிருந்தார். அதன் தலைப்பில் அலைவலிமை காட்டும் பட்டைகள் முழுமையாக நின்றன. செய்தியோ வரவில்லை. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, பன்னிரண்டும் அணுகிற்று. “தொடர்பு நன்றாயிருந்தும் அத்தான் ஒரு சொல் எழுதவில்லை என்றால், எழுதவொண்ணாத ஏதோ நிகழ்ந்துவிட்டது,” என்று கூறி அவர் கண்ணீர் உகுத்தார். யாமும் அவ்வாறே எண்ணினோமாகலின் தேற்றும் சொல் அறியாது நின்றோம்.

அவ்விடத்தே சங்கும் சிப்பியும் விற்கும் பெரியவர் ஒருவர் எம்மை நோக்கி, “என்ன தம்பி, அழுகிறாரே?” என்று வினவினார். கூறினோம். அவர் கருவியை வாங்கிப் பார்த்து, “இது இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முனையில் நின்றால் இப்படித்தான். உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்து, கொஞ்சம் ஊர்ப்பக்கம் நடந்து பாருங்கள்,” என்றார். பட்டைகளின் அருகே அயல்வலையைக் குறிக்கும் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து நின்றதை அப்பொழுதே யாம் கண்டோம். அவர் சொற்படி செய்தோம். முதன்முறை பயனில்லை, மேற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்து மீண்டும் முயன்றபோது எம் நாட்டு வலை கிடைத்தது. உடனே பதினொரு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவது 9 மணி 52 நிமிடத்திற்கு அனுப்பப்பட்டது: “பெண் குழந்தை. இருவரும் நலம்.” இறுதியாக வந்தது: “ஏன் ஒரு சொல்லும் இல்லை? எங்கள்மேல் வருத்தமா?”

அன்பர்களே! இங்கே பிழைத்தவர் எவர்? அத்தான் பேசாதிருந்தார் என்று இவர் அஞ்சினார். இவர் பேசாதிருந்தார் என்று அவர் வருந்தினார். இருவரும் பேசினர், இடையிலிருந்த கருவியே பேசவில்லை. மேலும், எம்முள் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை உடையார் ஒருவரது கைப்பேசி அப்பொழுதும் செவ்வனே இயங்கிக்கொண்டிருந்தது. அவரை ஒரு சொற் கேட்டிருப்பின் இரண்டு மணி நேரத் துயரம் நீங்கியிருக்கும். கேட்டிலேம், காரணம், பட்டைகள் நிறைந்திருந்தால் தொடர்பும் நிறைந்திருக்கும் என்னும் எம் மயக்கமே.

நிற்க. இணையத் தொடர்பு எவ்வாறு அமைகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். தமிழ் பயில்வார்க்கு இது கடினமன்று. இரண்டு சொற்கள் புணருங்கால் நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் ஒருங்கே நோக்கியன்றி விதி கூறவொண்ணாது. அவ்வாறே கைப்பேசித் தொடர்பிலும் ஒருபுறத்தை மட்டும் நோக்கிக் குற்றம் கூறுதல் இயலாது. நம் கருவியினின்று எழும் அலை அண்மையிலுள்ள கோபுரத்தை அடைகின்றது. கோபுரம் அதனை நிறுவனத்தின் நடுநிலையத்திற்குச் செலுத்துகின்றது. நடுநிலையம் நம் சிம் அட்டையின் எண்ணைக் கண்டு, நாம் அதன் வாடிக்கையாளரா, பணம் செலுத்தியுள்ளோமா என்று ஆராய்ந்தபின் இணையத்தின் வாயிலைத் திறக்கின்றது. அதன்பின் செய்தி பெறுவோரை நாடிச் செல்கின்றது. ஆகவே குற்றம் நிகழும் இடங்கள் நான்கு: கருவி, சிம் அட்டையும் கணக்கும், கோபுரமும் வலையும், அப்பாலுள்ள நிலையமாவது பெறுவோராவது. பட்டைகள் காட்டுவது கோபுரத்தின் அலை எத்துணை வலிதாக வருகின்றது என்பதை மட்டுமே. வாயில் திறந்துள்ளதா என்பதை அவை அறியா.

அரிச்சல்முனையில் நிகழ்ந்ததும் இதனால் விளங்கும். ஒவ்வொரு சிம் அட்டையிலும் பொறிக்கப்பட்ட எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவுக்கு 404, 405 முதலியன, இலங்கைக்கு 413. தலைமன்னார் அம்முனையினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர்த் தொலைவினது. இடையே மலையும் மரமும் கட்டடமும் இன்மையால் அலைகள் கடல்மீது தடையின்றி வருகின்றன. வலையைத் தானே தேரும்படி விடப்பட்ட கருவி, தன் நாட்டு வலை தளர்ந்தபொழுது 413ஆம் எண்ணுடைய வலையைப் பற்றிக்கொள்கின்றது. பற்றியபின் அயல்நாட்டு வலையை விட்டு எளிதில் மீள்வதுமில்லை. அவ்வலையில் இணையம் பெறும் உரிமை நம் கணக்கில் இன்மையால் பட்டைகள் இருந்தும் பயனில்லை.

இனி, இணையம் ஓய்ந்தபொழுது செய்யத்தக்கனவற்றை முறைப்படுத்திக் கூறுவாம்.

முதலாவது, குற்றம் எப்புறத்தது என்று தெளிக. வாட்ஸப் செய்தியின் ஓரத்திலுள்ள குறியே இதற்குப் போதிய சான்று. கடிகாரக் குறி நின்றால் நம் செய்தி நம் கருவியை விட்டே நீங்கவில்லை, குற்றம் நம்புறத்தது. ஒரு கோடு நின்றால் அது நம்மை விட்டு நீங்கியது. ஆனால் பெறுவோரின் கருவியை அடையவில்லை. இரு கோடுகள் நின்றால் அடைந்துவிட்டது. எம் தோழர் அன்று காலை பத்து மணிக்கு எழுதிய “அக்காள் எப்படி இருக்கிறாள்?” என்னும் வினாவின் அருகே கடிகாரமே நின்றிருந்தது, அதனை அவர் நோக்கவில்லை, யாமும் நோக்கவில்லை. இதன்பின் வேறொரு செயலியையோ இணையப் பக்கத்தையோ திறந்து பார்க்க. அது திறந்து இது திறவாவிடின் குற்றம் அச்செயலியின்பாலது. உடனிருப்போர் கருவியையும் வினவுக. ஒரே நிறுவனத்தார் அனைவர்க்கும் ஓய்ந்திருப்பின் குற்றம் வலையினது. நமக்கு மட்டும் ஓய்ந்திருப்பின் நம் கருவியினது அல்லது கணக்கினது.

இரண்டாவது, எளியனவற்றை முன்னே ஆராய்க. ‘மொபைல் டேட்டா’ என்னும் விசை திறந்துளதா? இரண்டு சிம் அட்டைகள் இருப்பின், இணையத்திற்கெனக் குறித்தது பணம் செலுத்திய அட்டைதானா? ‘டேட்டா சேவர்’, மின்சேமிப்பு முதலிய கட்டுப்பாடுகள் செயலிகளைத் தடுக்கின்றனவா? கருவியின் நாளும் மணியும் சரியானவையா? நாள் பிழைத்தால் பாதுகாப்புடைய இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். புகைவண்டி நிலையத்திலும் விடுதியிலும் கிடைக்கும் வைஃபை மற்றொரு பொறி. கருவி அதனோடு இணைந்துவிடும். ஆனால் எண்ணைப் பதிந்து நுழைவு பெறும்வரை அது வழிவிடாது. இந்நிலையில் வைஃபையை அணைத்தலே மருந்து.

மூன்றாவது, ‘ஏரோபிளேன் மோடு’ என்னும் விசையை இட்டு, அரை நிமிடம் கழித்து நீக்குக. இதனால் கருவி பழைய கோபுரத்தை விட்டுப் புதிதாகத் தன்னைப் பதிந்துகொள்ளும். ஓடும் வண்டியில் கருவி கோபுரம் விட்டுக் கோபுரம் தாவுகின்றது. குகைகளும் மலைகளும் குறுக்கிடுமிடத்துத் தாவுதல் தவறும். செங்கோட்டையினின்று புனலூர் செல்லும் இருப்புப்பாதையில் மலைக்குகை வழியாகத் தமிழ்நாட்டு எல்லை கடந்து கேரளம் புகுவார் இதனை நன்கறிவர். இம்முறையால் ஆகாவிடின் கருவியை முற்றும் அணைத்து மீண்டும் இயக்குக. அலைவரவை நாடி வண்டியின் வாயிற்படியில் நின்று கைநீட்டுதல் மட்டும் ஒருகாலும் செய்யற்க. உயிரினும் சிறந்த செய்தி யாதுமில்லை.

நான்காவது, கணக்கினை நோக்குக. நாள்தோறும் இவ்வளவு என அளவிடப்பட்ட திட்டங்களே இப்பொழுது பெரும்பான்மை. அளவு தீர்ந்தபின் வேகம் பல திட்டங்களில் நொடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவிற்குச் சுருங்கும். படமும் வரைபடமும் திறவா. ‘ஓய்ந்தது’ என்றே நமக்குத் தோன்றும். பயணத்தில் எடுக்கும் நிழற்படங்கள் நாமறியாமலே இணையச் சேமிப்பிற்கு ஏறிக்கொண்டிருத்தல் இதற்கு ஒரு பெருங்காரணம். அவ்வேற்றத்தை வைஃபை உள்ளபொழுது மட்டும் நிகழுமாறு அமைத்தல் நன்று.

ஐந்தாவது, ‘ரோமிங்’ எனப்படும் அயல்வலைப் பயன்பாட்டை ஆராய்க. இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நம் வட்டத்தைக் கடந்தபின் சில கருவிகள் ‘டேட்டா ரோமிங்’ விசை திறந்தாலன்றி இணையம் தாரா. அங்கே அதனைத் திறத்தல் வேண்டும். ஆனால் நாட்டெல்லையை அடுத்த இடங்களில் அதே விசை கேடு பயக்கும். அயல்நாட்டு ரோமிங் உரிமை தம் கணக்கில் உடையார் அதனைத் திறந்து வைத்து அயல்வலையிற் சிக்குவாராயின், நினையாத பெருஞ்செலவு நேரும். செங்கோட்டைக்கு அப்பால் மருந்தாவது அரிச்சல்முனையில் நஞ்சாகலாம் என்க. எல்லையோரத்தில் வலையைத் தானே தேரும் அமைப்பை நீக்கி, நம் நிறுவனத்தைக் கையாற்றேர்தலே தக்கது. மீண்டு வந்தபின் பழைய அமைப்பிற்கு மாற்றவும் மறவற்க.

ஆறாவது, அலைவரிசையின் இயல்பை அறிக. நம் நாட்டில் 5ஜி சேவை 2022ஆம் ஆண்டு அக்டோபரிற் றொடங்கிற்று. மிக்க வேகமுடைய உயர் அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லா. சுவரையும் வண்டியின் இரும்புக் கூட்டையும் எளிதில் ஊடுருவா. 700 மெகாஹெர்ட்ஸ் அலை செல்லுந் தொலைவு 3300 மெகாஹெர்ட்ஸ் அலை செல்லாது. ஆதலின் 5ஜி தளர்ந்த இடத்தில் கருவி அதற்கும் 4ஜிக்கும் இடையே ஊசலாடும்; பயன்பாட்டை 4ஜியில் நிறுத்தினால் ஊசல் ஒழியும். வேளாங்கண்ணித் திருவிழாப் போலப் பெருங்கூட்டம் கூடுமிடத்துக் குற்றம் வேறு. கோபுரம் அண்மையில் இருப்பினும் பல்லாயிரவர் அதனை ஒருங்கே பற்றுதலால் அது திணறும். அங்கே கருவியைத் திருத்துதல் வீண். கூட்டத்தை விட்டு விலகுதலும், சிறிது பொறுத்தலும், குறுஞ்செய்தி அனுப்புதலுமே வழி.

ஏழாவதாக எஞ்சுவன இறுதிவரை கைவைக்கத் தகாதவை. புதிய கருவியிற் சிம் அட்டையை இட்டபின் இணையம் வாராவிடின், நிறுவனத்தின் இணைய வாயிலைக் குறிக்கும் ஏ.பி.என். அமைப்புப் பிழைத்திருக்கலாம், அதனைத் தொடக்க நிலைக்கு மீட்கலாம். அட்டையைத் துடைத்து மீண்டும் இடுதலும், மற்றொருவர் கருவியில் இட்டுப் பார்த்தலும் ஐயந்தீர்க்கும். ஆயின், ஓடும் வண்டியில் அச்சிறு அட்டையைக் கழற்றுவார் அதனை இழத்தலும் உண்டு. வலையமைப்புகள் அனைத்தையும் அழித்துப் புதுப்பிக்கும் முறையால் படமும் செய்தியும் அழியா. எனினும் சேமித்த வைஃபைக் கடவுச்சொற்கள் நீங்கும். ஆதலின் அஃது ஈற்றில் நிற்றற்குரியது.

இவை எல்லாவற்றிற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதன் பயனைக் கண்டபின் அடுத்ததற்குச் செல்க. பதறிப் பத்தினை ஒருங்கே மாற்றுவார்க்குத் தொடர்பு மீண்டாலும் காரணம் விளங்காது. மீளாவிடினோ பழைய நிலைக்குத் திரும்பவும் வழியிராது.

எனினும், திருத்துதலினும் சிறந்தது முன்னரே ஆயத்தமாதல். புறப்படுமுன் வீட்டார் எண்கள் நான்கினைத் தாளில் எழுதிப் பையில் வைத்தல் வேண்டும். கருவியின் மின்வலி தீர்ந்தபின் அதன் நினைவிலுள்ள எண்கள் நமக்குதவா. செல்லுமூரின் வரைபடத்தையும் புகைவண்டிச் சீட்டின் படியையும் கருவியிலேயே சேமித்துக்கொள்க. சிறிது பணத்தைத் தாளாகவே வைத்திருக்க. இடர் நேர்ந்தவிடத்து 112 என்னும் அவசர எண், நம் நிறுவனத்தின் வலை இல்லாத இடத்தும் பொதுவாக வேறு வலையின் வாயிலாகச் செல்லவல்லது. புகைவண்டியில் உதவி வேண்டுவார்க்கு 139 உண்டு. இவற்றோடு வீட்டாரிடம் ஒரு சொல்லும் உரைத்தல் வேண்டும்: “யாம் செல்லுமிடத்தில் தொடர்பு அறலாம்; மாலைக்குள் யாமே பேசுவோம்; உடன் வருவார் எண் இது; அவசரமாயின் அவரையும் அழைக்க.” இவ்வொரு சொல் அன்று சொல்லப்பட்டிருப்பின் அத்தான் வேறு நிறுவனத்துச் சிம் அட்டையுடைய எம் நண்பரை அழைத்திருப்பார், பத்து மணிக்கே யாம் மணலில் இனிப்பு வழங்கியிருப்போம்.

அன்பர்களே! கருவியைத் திருத்தும் முறைகள் ஆண்டுதோறும் மாறுவன. இன்று கூறிய விசைகளின் பெயர்கள் நாளை வேறாகலாம். மாறாதது ஒன்று: ஒருவர் மறுமொழி தாராதபொழுது, அவர் மனம் மாறியது என்றும், அவர்க்குத் தீங்கு நேர்ந்தது என்றும் முடிவுகட்டுமுன், இடையிலுள்ள வழி திறந்துளதா என்று ஆராய்தல் நம் கடமை. எம் தோழரின் மருமகள் பிறந்தவுடன் எடுத்த முதற்படம் இரண்டு மணி நேரம் எங்கோ ஒரு கணிப்பொறியில் காத்துக்கிடந்தது. அன்பு தாழ்க்கவில்லை, வழியே தாழ்த்தது. அன்று மாலை இராமேசுவரம் மீண்டதும் அவர் அத்தானை அழைத்து முதற்கண் கூறிய சொல், “வருத்தமில்லை அத்தான், வலைதான் இல்லை,” என்பதே. அச்சொல்லைக் கூறுதற்குரிய அறிவை அன்று காலையிலேயே யாம் பெற்றிருந்தோமில்லை. நீவிர் புறப்படுமுன்னரே பெறுவீராக.